தோட்டத்து வாசலோடு நின்ற ஊராட்சி

குப்பை லாரி வாரத்துக்கு எத்தனை முறை வருகிறது, லோங்காங்கில் தண்ணீர் ஏன் தேங்கி நிற்கிறது, தெரு விளக்கு ஏன் எரியவில்லை - இவையெல்லாம் சின்ன விஷயங்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நாடாளுமன்றத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவோர்கூடத் தங்கள் ஊரின் நகராண்மைக் கழக உறுப்பினர் யார் என்று கேட்டால் விழிப்பதுண்டு. ஆனால், மனிதன் காலையில் கதவைத் திறந்து வெளியே வந்ததும் முதலில் சந்திக்கும் அரசாங்கம் ஊராட்சி மன்றம்தான். இந்த அரசாங்கம் தோட்டத்துத் தமிழருக்கு எப்போது அறிமுகமானது? நெகிரி செம்பிலானின் போர்ட்டிக்சன் மாவட்டத்தில் உள்ள புக்கிட் பெலண்டோக் வட்டாரத்தை வைத்துப் பார்த்தால் விடை தெளிவாகக் கிடைக்கும்.

துரை ஆண்ட ஊர்

மலாயாவில் ஊராட்சி என்பது நகரத்துக்காகப் பிறந்தது. பினாங்கில் 1801லேயே வரி மதிப்பீட்டுக் குழு ஒன்று அமைந்தது. கோலாலம்பூரில் 1890இல் சுகாதார வாரியம் தோன்றியது. சாக்கடை, சந்தை, இறைச்சிக் கடை, கழிவு அகற்றல் ஆகியவையே அதன் முதல் வேலைகள். பின்னர் கூட்டு மலாய் மாநிலங்களின் மற்ற பட்டணங்களுக்கும் இத்தகைய வாரியங்கள் வந்தன. 1930இல் நகர வாரியச் சட்டம் நடப்புக்கு வந்தது. 1891இல் சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு இரயில் பாதை போடப்பட்டது. ஈயமும் பின்னர் ரப்பரும் துறைமுகத்துக்குப் போன அந்தப் பாதையோரத்துப் பட்டணங்களுக்குச் சட்டமும் சுகாதாரமும் போய்ச் சேர்ந்தன.

தோட்டம் மட்டும் இந்தக் கணக்கில் வரவில்லை. தோட்டம் என்பது கம்பெனிக்குச் சொந்தமான தனியார் நிலம். குடியிருப்பு, குடிநீர், மருத்துவ வசதி ஆகியவற்றைத் தொழிலாளிக்குச் செய்து தருவது முதலாளியின் கடமை என்று 1923ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டத் தொகுப்பு வகுத்தது. ஆகவே, லயத்துக் கூரை ஒழுகினாலும், குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் கங்காணியிடம் சொல்ல வேண்டும், கங்காணி கிராணியிடம் சொல்ல வேண்டும், கிராணி துரையிடம் சொல்ல வேண்டும். துரை மனம் வைத்தால் வேலை நடக்கும். சில தோட்டங்களில் பஞ்சாயத்து இருந்தது உண்மை. ஆனால் குடும்பச் சண்டையையும் கோயில் திருவிழாவையும் பேசித் தீர்த்த அந்தப் பஞ்சாயத்துக்கு ஒரு சாலையைப் போடும் அதிகாரம் கிடையாது.

இதனால் ஒரு விநோதமான நிலை உண்டானது. நாட்டின் வருமானத்தைப் பெருக்கிய தொழிலாளி, ஊரே இல்லாத ஒரு குடிமகனாக வாழ்ந்தான். கேட்டுப் பெறும் உரிமை அவனுக்குப் பழக்கமாகவில்லை. வேண்டிப் பெறும் சலுகைதான் பழகிப்போனது.

வாக்குச் சீட்டு வந்ததும் போனதும்

போருக்குப் பிறகு காற்று மாறியது. 1950இல் ஊராட்சித் தேர்தல் சட்டம் இயற்றப்பட்டது. 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுனிலும், 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரிலும் மக்கள் வாக்களித்துத் தங்கள் நகர்மன்ற உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தனர். நாட்டின் முதல் பொதுத் தேர்தல் நடந்த 1955க்கு முன்பே நடந்தவை இவை. ஜனநாயகத்தின் அரிச்சுவடியை இந்த நாட்டு மக்கள் ஊராட்சியில்தான் படித்தனர்.

அதே காலத்தில் அவசரகாலமும் நடந்துகொண்டிருந்தது. பிரிக்ஸ் திட்டத்தின் கீழ், காட்டோரம் சிதறி வாழ்ந்த சீனக் குடும்பங்கள் முள்வேலி போட்ட புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டன. தோட்டத் தொழிலாளர்களும் தோட்டத்துக்குள்ளேயே ஒரே இடத்தில் குவிக்கப்பட்டனர். இரு சாராருக்கும் வேலி ஒன்றுதான். ஆனால் 1952இல் வந்த உள்ளூர் மன்றச் சட்டம், புதுக்கிராமங்கள் தங்களுக்கென ஒரு மன்றத்தைத் தேர்ந்தெடுக்க வழிசெய்தது. தோட்டமோ தொடர்ந்து நிர்வாகத்தின் பொறுப்பிலேயே இருந்தது.

அந்த வாக்குச் சீட்டும் நெடுநாள் நிலைக்கவில்லை. இந்தோனேசியாவுடனான பகைமைச் சூழலைக் காரணம் காட்டி 1965 மார்ச்சில் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. சிரம்பான் நகர்மன்றம் உள்ளிட்ட சில மன்றங்களின் நிர்வாகம் பற்றிப் புகார்களும் எழுந்திருந்தன. இவற்றை ஆராய அதே ஆண்டு அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமையேற்றவர் ஒரு தமிழர். ம.இ.கா.வைச் சேர்ந்த செனட்டர் ஆதி நாகப்பன்தான் அவர். ஜான்சி ராணிப் படையில் பணியாற்றிய ஜானகி அம்மையாரின் கணவர்.

மேற்கு மலேசியாவில் அப்போது 374 ஊராட்சி அமைப்புகள் இருந்தன. பல அமைப்புகளுக்குச் சம்பளம் கொடுக்கவே வருமானம் போதவில்லை. சிறு மன்றங்களை ஒன்றிணைக்க வேண்டும் என்று ஆணையம் பரிந்துரைத்தது. அதோடு நிற்காமல், குறைகள் இருந்தாலும் மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றமே சிறந்தது என்றும் கூறியது. 1968 இறுதியில் முடிந்த அறிக்கை 1970களின் தொடக்கத்தில்தான் வெளிவந்தது. ஒன்றிணைக்கும் யோசனை ஏற்கப்பட்டது. தேர்தல் யோசனை கைவிடப்பட்டது. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி, தலைவரையும், 8 முதல் 24 வரையிலான மன்ற உறுப்பினர்களையும் மாநில அரசே நியமிக்கிறது.

பன்றிப் பண்ணை கற்பித்த பாடம்

ஊராட்சியின் வேலை எவ்வளவு பெரியது என்பதை புக்கிட் பெலண்டோக் நாட்டுக்கே உணர்த்தியது. உணர்த்திய விதம்தான் கொடுமையானது. பன்றிப் பண்ணைகள் நெருக்கமாக அமைந்திருந்த வட்டாரம் அது. 1998இல் பேராக்கில் தலைகாட்டிய மூளைக்காய்ச்சல், அங்கிருந்து கொண்டுவரப்பட்ட பன்றிகளோடு நெகிரி செம்பிலானுக்கும் வந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதிக் கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. தடுப்பூசி போட்டவர்களும் சாய்ந்தார்கள். கொசு எல்லாரையும்தான் கடிக்கிறது, பன்றியைத் தொட்டு வேலை செய்தவர்களே ஏன் அதிகம் விழுகிறார்கள் என்ற கேள்வி எழுந்தது.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா கா பிங் புதிய கிருமி ஒன்றைக் கண்டுபிடித்தார். இதே வட்டாரத்துச் சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் அது 'நிப்பா' என்று அழைக்கப்பட்டது. நாடு முழுவதும் 265 பேர் பாதிக்கப்பட்டு, 105 பேர் உயிரிழந்தனர். பண்ணை உரிமையாளர்கள் மட்டுமல்ல, அங்கே கூலிக்கு நின்ற இந்தியத் தொழிலாளர்களும் அதில் அடக்கம். இராணுவம் இறங்கி 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளை அழித்தது. குடும்பங்கள் ஊரைவிட்டு வெளியேறின. கலகலப்பாக இருந்த கிராமங்கள் வெறிச்சோடின.

கிருமி பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதனுக்கும் தாவியது என்பது பின்னாளில் ஆராய்ச்சி காட்டிய உண்மை. கண்ணுக்குத் தெரியாத கிருமியை எந்த மன்றமும் முன்கூட்டியே அறிந்திருக்க முடியாது. ஆனால் பண்ணை எங்கே அமையலாம், வீட்டுக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும், கழிவு எங்கே போகிறது, பழமரத்தடியில் கொட்டகை போடலாமா என்பனவெல்லாம் உரிமம், நிலத் திட்டம், சுகாதாரப் பரிசோதனை என்ற அன்றாட அலுவல்களுக்குள் வருபவை. சலிப்பூட்டும் இந்தக் கோப்பு வேலை ஒழுங்காக நடக்கிறதா என்பது சில வேளைகளில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாகிவிடுகிறது.

வரிச் சீட்டு வீடு தேடி வந்தபோது

இதற்கிடையே தோட்டங்களும் மாறின. துண்டாடப்பட்டவை சில, செம்பனைக்கு மாறியவை சில, வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் ஆனவை சில. பக்கத்துச் சிப்பாங்கில் 1998இல் அனைத்துலக விமான நிலையமே திறக்கப்பட்டது. லயத்தை விட்டு மலிவு விலை வீட்டுக்கு வந்த குடும்பத்துக்கு ஊராட்சி மன்றம் முதலில் அறிமுகமானது மதிப்பீட்டு வரிச் சீட்டின் வழியாகத்தான். பிப்ரவரி இறுதிக்குள் ஒரு தவணை, ஆகஸ்ட் இறுதிக்குள் மறு தவணை. தோட்டத்தில் கேட்காமலே நடந்த வேலைக்கு இங்கே பணம் கட்ட வேண்டியிருக்கிறதே என்ற மனக்குறை அவர்களுக்கு எழுந்ததில் வியப்பில்லை.

ஆனால் வரி கட்டுகிறவனுக்குச் சட்டம் சில உரிமைகளையும் தந்திருக்கிறது. வரி மதிப்பு அதிகம் என்று தோன்றினால், குறித்த தேதிக்கு 14 நாள் முன்னதாக எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். மன்றம் வேறு விதமாகத் தீர்மானித்தாலன்றி, அதன் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளருக்கும் திறந்தவை. யாரிடம் கேட்பது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். போர்ட்டிக்சன் மாவட்ட மன்றம் 2002இல் நகராண்மைக் கழகமாக உயர்ந்தது. 2011 செப்டம்பர் முதல் நெகிரி செம்பிலானில் குப்பை அள்ளும் பொறுப்பு கூட்டரசின் திடக்கழிவுக் கழகத்தின் மேற்பார்வைக்குப் போய்விட்டது. இது தெரியாமல் தவறான கதவைத் தட்டினால் புகார் கடிதம் அலைந்துகொண்டேதான் இருக்கும்.

ஊராட்சித் தேர்தல் மீண்டும் வர வேண்டும் என்ற கோரிக்கை அவ்வப்போது எழுவதும் அடங்குவதுமாக இருக்கிறது. தேர்தல் நடத்த பினாங்கு மாநிலம் எடுத்த முயற்சியை 2014இல் கூட்டரசு நீதிமன்றம் நிராகரித்தது. வாக்குச் சீட்டு வரும் நாளில் வரட்டும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நியமிக்கப்பட்ட உறுப்பினரின் பெயரைத் தெரிந்துகொள்வதற்கும், அடைபட்ட லோங்காங்கைப் பற்றிக் கடிதம் எழுதி அதன் நகலைப் பத்திரப்படுத்துவதற்கும், மன்றக் கூட்டத்துக்கு ஒருமுறை போய் உட்கார்ந்து கேட்பதற்கும் தேர்தல் தேவையில்லை. துரையிடம் வேண்டிக்கொண்ட தலைமுறை மறைந்துவிட்டது. அதன் பேரப்பிள்ளைகள் உரிமையோடு கேட்கப் பழகினால், தோட்டத்து வாசலோடு நின்றுவிட்ட ஊராட்சி வீட்டு வாசல்வரை வந்து சேரும்.