26 மைலும் ஒரு மிடறு நீரும்

1896ஆம் ஆண்டு ஏதென்சில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓட்டத்தை வென்ற ஸ்பிரிடோன் லூயிஸ், மரூசி என்னும் ஊரிலிருந்து ஏதென்சு நகருக்குத் தண்ணீர் கொண்டுசென்று விற்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர். தண்ணீர் சுமந்தவர் ஒருவரின் வெற்றியோடு தொடங்கிய இவ்வோட்டம், ஓடுவோருக்குத் தண்ணீர் தரும் முறையைக் கற்றுக்கொள்ள ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

வென்றவரின் பெயரும் ஓடிய நேரமும் ஏட்டில் ஏறுகின்றன. சாலையோரத்தில் மேசை போட்டுக் கோப்பை நிரப்பியவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. ஆயினும் பெருநகரொன்றில் ஐம்பதாயிரம் பேர் ஓடி உயிரோடு வீடு திரும்புவது அந்த மேசையால்தான். நம் வழக்கில் இதற்குத் தண்ணீர்ப் பந்தல் என்ற அழகிய பெயர் உண்டு. அந்தப் பந்தலின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

*

1904ஆம் ஆண்டு ஆகஸ்டு 30 அன்று, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மூன்றாம் ஒலிம்பிக்கின் மாரத்தான் நடந்தது. கோடைக்காலம், பிற்பகல், ஏறத்தாழ 32 பாகை வெப்பம். குன்றுகளினூடே செல்லும் மண்சாலை. ஓடுவோருக்கு முன்னும் பின்னும் சென்ற மோட்டார் வண்டிகள் எழுப்பிய புழுதியை உண்டவாறே அவர்கள் ஓட வேண்டியிருந்தது. இத்தனைக்கும் நடுவே, வழியில் தண்ணீர் கிடைத்த இடங்களோ ஓரிரண்டுதான். போட்டியை நடத்திய ஜேம்ஸ் சல்லிவன், நீரின்றி உடல் எவ்வளவு தாங்கும் என அறிய விரும்பியே இவ்வாறு செய்தார் என்று பின்வந்த ஆசிரியர்கள் பலர் எழுதியுள்ளனர்.

முதலிடம் பெற்ற தாமஸ் ஹிக்ஸ் வழியில் தண்ணீர் கேட்டபோது, உடன் வந்தோர் குடிக்கத் தர மறுத்தனர். வெந்நீரால் வாயை நனைத்துவிட்டதோடு சரி. மாறாக, எட்டி விதையிலிருந்து எடுக்கப்படும் ஸ்டிரிக்னைன் என்னும் நஞ்சைச் சிறு அளவில் முட்டையின் வெண்கருவோடு கலந்து தந்தனர், பிராந்தியும் புகட்டினர். அக்காலத்தில் இது ஊக்கமருந்தாகக் கருதப்பட்டது. வெற்றிக்கோட்டைக் கடந்தபோது அவரால் தம் காலில் நிற்கவும் இயலவில்லை. கியூபாவிலிருந்து வந்த பெலிக்ஸ் கர்வஹால் என்பவர் சாதாரணக் காலணியோடும், முழங்காலளவில் கத்தரித்த கால்சட்டையோடும் ஓடி நான்காமிடம் பெற்றார். புறப்பட்டவர் 32 பேர். ஓடி முடித்தவர் 14 பேர்.

நான்காண்டுகள் கழித்து, 1908 ஜூலை 24 அன்று, லண்டன் ஒலிம்பிக்கில் நிலைமை ஓரளவு மாறிற்று. இறைச்சிச் சாறு விற்கும் ஆக்சோ நிறுவனம் அதிகாரபூர்வமாக உணவு வழங்க அமர்த்தப்பட்டது. வழங்கப்பட்டவற்றின் பட்டியல் இன்று நமக்கு நகைப்பூட்டலாம்: சூடாகவும் குளிர்ச்சியாகவும் இறைச்சிச் சாறு, அரிசிப் பாயசம் போன்றதோர் உணவு, உலர்ந்த திராட்சை, வாழைப்பழம், பாலும் சோடாவும். நகைத்துவிட்டுக் கடந்துவிடலாகாது. ஓடுபவன் வழியில் உண்ணவும் குடிக்கவும் வேண்டும் என்பதும், அதனைத் தருவது போட்டியை நடத்துவோரின் கடமை என்பதும் இப்பட்டியலால் ஒப்புக்கொள்ளப்பட்டன. போட்டியின் போது மருந்துகள் உட்கொள்ளலாகாது என்ற விதியும் இதே ஓட்டத்தில் இடம்பெற்றது. எனினும் அன்றைய வெயிலில் இத்தாலியின் டொராண்டோ பியெட்ரி அரங்கினுள் பலமுறை விழுந்து, பிறர் தாங்கிப்பிடிக்கவே கோட்டைக் கடந்து, அதனாலேயே பதக்கத்தை இழந்த கதையை நாம் அறிவோம்.

1912இல் ஸ்டாக்ஹோமில் நேர்ந்தது இன்னும் துயரமானது. போர்ச்சுக்கலின் பிரான்சிஸ்கோ லாசரோ, வெயிலிலிருந்து தோலைக் காக்கும் பொருட்டு உடலெங்கும் கொழுப்புப் பூசிக்கொண்டு ஓடினார் என்று சொல்லப்படுகிறது. காப்பு எனக் கருதிய பூச்சு வியர்வையின் வழியை அடைத்தது. பாதி வழிக்கு மேல் கடந்த பின்னர் விழுந்தவர் மறுநாள் இறந்தார். ஓடுபவன் அணிவதும் பூசுவதும் அழகு பற்றியன அல்ல, உயிர் பற்றியன என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

*

இத்தனை பட்டும் நெடுங்காலம் ஓட்ட உலகில் ஒரு வீம்பு நிலவிற்று. வழியில் குடிப்பது வலிமைக்குறைவின் அடையாளம் என்பதே அது. 1954இல் கனடாவின் வான்கூவரில் பிரிட்டனின் ஜிம் பீட்டர்ஸ், அடுத்து வந்தவரைவிடப் பல நிமிடங்கள் முந்தி அரங்கினுள் நுழைந்தார். எஞ்சியிருந்த சில நூறு அடிகளை அவரால் கடக்க இயலவில்லை. விழுந்தும் எழுந்தும் தவழ்ந்தும் தம் உடலோடு போராடி, இறுதியில் தூக்கிச் செல்லப்பட்டார். அதன்பின் அவர் எப்போட்டியிலும் ஓடவில்லை. அன்று ஓடத் தொடங்கிய 16 பேரில் முடித்தவர் 6 பேரே.

ஓட்டம் சிலருக்கு உரியதாக இருந்தவரை இந்த வீம்பின் விலையைச் சிலரே தந்தனர். பொதுமக்கள் ஓடத் தொடங்கியபோதுதான் நிலைமை மாறிற்று. 1970இல் நியூயார்க்கில் முதல் மாரத்தான் நடந்தபோது, சென்ட்ரல் பார்க் என்னும் பூங்காவைச் சுற்றிச் சுற்றி ஓடியவர் 127 பேர். முடித்தவர் 55 பேர். நுழைவுக் கட்டணம் ஒரு டாலர். 1976இல் ஓட்டம் பூங்காவை விட்டு வெளியேறி நகரின் ஐந்து பகுதிகளையும் தொட்டுச் சென்றது. பதிவு செய்தவர் இரண்டாயிரத்தைத் தாண்டினர். 2024இல் முடித்தவர் மட்டும் ஐம்பத்தைந்தாயிரத்துக்கும் மேல்.

இவ்வெண்களின் பொருளை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஐம்பதாயிரம் பேர், வழியில் இருபது பந்தல்கள், ஒவ்வொன்றிலும் ஆளுக்கு ஒரு கோப்பை என்றால் பத்து இலட்சம் கோப்பைகள். வெயில் ஏறினால் ஒருவர் ஒன்றைக் குடிப்பார், ஒன்றைத் தலையில் ஊற்றிக்கொள்வார். கணக்கு இருபது இலட்சமாகும். முன்னே ஓடுவோர் இவ்வாறு இரண்டிரண்டாக எடுத்துச் செல்லச் செல்ல, கடைசியில் மெல்ல வருவோர்க்கு வெறும் மேசையே எஞ்சும். மிக நெடுநேரம் வெயிலில் நிற்பவரும் அவர்களே.

2007 அக்டோபர் 7 அன்று சிகாகோவில் நிகழ்ந்தது ஏறத்தாழ இதுதான். இலையுதிர்காலத்துக்கு ஒவ்வாத வெப்பம், 31 பாகை. பந்தல்களில் நீர் இல்லை என்றனர் ஓடியோர் பலர். போதிய நீர் இருந்தது என்றனர் நடத்தியோர். இரண்டுமே உண்மையாக இருந்திருக்கலாம் என்பது நம் கருத்து. கிடங்கில் உள்ள நீரும் கோப்பையில் உள்ள நீரும் ஒன்றல்ல; இடையே ஊற்றும் கைகள் வேண்டும். சில மணி நேரத்தில் ஓட்டம் பாதியில் நிறுத்தப்பட்டது. அந்நகரின் மாரத்தானில் பிற்பாடு, பச்சை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று நாளின் நிலையை வழியெங்கும் நிறத்தால் அறிவிக்கும் முறை வந்தது.

மறுபுறம், மிகுதியும் கொன்றது. குறைவாகக் குடித்து வீழ்ந்தோரைக் கண்டு அஞ்சிய மருத்துவ உலகம், இயன்ற மட்டும் குடியுங்கள் என்று அறிவுரை கூறிற்று. 2002இல் பாஸ்டனில் ஓடிய பெண்ணொருவர், அளவுக்கு மீறிப் பருகியதால் இரத்தத்தில் உப்பின் செறிவு குன்றி இறந்தார். அதே ஓட்டத்தில் 488 பேரின் குருதியைச் சோதித்து 2005இல் வெளியான ஆய்வு, அவர்களுள் 13 விழுக்காட்டினருக்கு அக்குறை இருந்ததைக் காட்டிற்று. ஓட்டத்தின் முடிவில் எடை கூடியிருந்தவர்களே பெரிதும் பாதிக்கப்பட்டிருந்தனர். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் பாட்டிமார் சொன்னது ஆய்வுக்கூடத்திலும் மெய்யாயிற்று. தாகத்தின் சொல் கேட்டுக் குடி என்பதே இன்று பலரும் கூறும் நெறி.

*

இவ்வரலாற்றில் நாம் இறுதியாக நோக்க வேண்டிய ஆண்டு 2012. நியூயார்க் ஓட்டம் ஸ்டேட்டன் தீவில் தொடங்குவது. ஓடுவோர் விடியுமுன்னரே படகிலும் பேருந்திலும் அங்கே சென்று, நவம்பர்க் குளிரில் மணிக்கணக்காகக் காத்திருப்பர். பழைய கம்பளிச் சட்டைகளை அணிந்து சென்று, புறப்படும் வேளையில் களைந்துவிடுவது வழக்கம். அவை திரட்டப்பட்டு அறப்பணிக்குச் செல்லும். அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் சாண்டிப் புயல் அந்தத் தீவைச் சூறையாடிற்று. இருபதுக்கும் மேற்பட்டோர் அங்கே மாண்டனர். வீடிழந்தோர் மின்சாரமும் குடிநீருமின்றித் தவிக்கையில், பூங்காவில் ஓட்டத்துக்கென மின்னாக்கிகளும் தண்ணீரும் காத்திருந்தன. மக்களின் சினம் மூண்டது. ஓட்டத்துக்கு இரண்டு நாள்களே இருந்த நிலையில், நவம்பர் 2 அன்று அது கைவிடப்பட்டது.

ஓட்டம் நடக்க வேண்டிய நவம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை ஓட்டக்காரர்கள் பலர், ஓடும் காலணியை அணிந்து, முதுகுப்பையில் உணவும் உடையும் மருந்தும் நிரப்பி, வழக்கமான அதே படகில் ஏறினர். தீவில் இறங்கி, இடிந்த தெருக்களினூடே ஓடி, வீடு வீடாகச் சுமையை இறக்கினர்.

அவர்களுக்கு அன்று பதக்கமில்லை, நேரம் குறிப்பாருமில்லை. வழியெல்லாம் தண்ணீர் பெற்று ஓடப் பழகியவர்கள், ஒரு நாள் தாமே பந்தலாயினர். தண்ணீர் சுமந்த குடும்பத்து இளைஞனிலிருந்து தொடங்கிய ஓட்டம், 116 ஆண்டுகள் கழித்து அந்தக் காலையில் தன் தொடக்கத்தைச் சென்று தொட்டது என்றே நமக்குத் தோன்றுகிறது.