ஈய வீரனுக்கு வண்ணம் தீட்டியவர்கள்

உங்கள் கட்டை விரலின் மேற்கணுவை அளந்து பாருங்கள். ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் இருக்கும். அந்த உயரத்தில் ஒரு போர்வீரன். கையில் வாள், முகத்தில் மீசை, கண்ணுக்குள் கருவிழி. அவனுக்கு எதிரே சிறகு விரித்த ஒரு பறக்கும் நாகம். இவற்றை வண்ணமின்றி வெறும் உலோகமாகவோ பிளாஸ்டிக்காகவோ விலைக்கு வாங்கி, மாலை வேளைகளில் மேசை விளக்கின் கீழ் அமர்ந்து வண்ணம் தீட்டுவோர் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஏராளம். தீட்டி முடித்த உருவங்களை மேசைமீது நிறுத்தி மாயக்கதைப் போர் நடத்துவார்கள்.

இன்று இது பொழுதுபோக்கு. இருநூறு ஆண்டுகளுக்கு முன் இதே வேலை பலருக்கு வயிற்றுப்பாடாக இருந்தது. வேலை எவ்வாறு விளையாட்டாயிற்று என்பதே நாம் காணப்போகும் வரலாறு.

ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் வெள்ளீயப் பாத்திரம் வார்க்கும் ஹில்பர்ட் குடும்பத்தார், 1770களில் தகடுபோல் தட்டையான சிறு வீரர்களை வார்க்கத் தொடங்கினர். பலகைக் கல்லில் உருவத்தைக் குடைந்து அச்சாக்கி, அதில் உருகிய உலோகத்தை ஊற்றினர். வெள்ளீயம் 232 பாகை செல்சியசிலும் காரீயம் 327 பாகையிலும் உருகுபவை. இரண்டையும் தக்க விகிதத்தில் கலந்தாலோ கலவை 183 பாகையிலேயே உருகிவிடும். பற்றாசு வைப்போர் அனைவரும் அறிந்த உண்மை இது. எனவே பெரிய உலை தேவையில்லை.

வார்ப்பது விரைவில் முடிந்துவிடும். வண்ணம் தீட்டுவதற்கோ கையும் கண்ணும் வேண்டும். அந்த வேலையைப் பெண்களும் சிறுவர்களும் வீட்டிலிருந்தபடியே சொற்பக் கூலிக்குச் செய்தனர். பணக்கார வீட்டுப் பிள்ளை விளையாடிய வீரனின் சிவப்புச் சட்டை, ஏழை வீட்டுப் பிள்ளை தீட்டியதாக இருந்திருக்கலாம்.

1893இல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் நிறுவனத்தார் ஒரு புதிய முறையைக் கையாண்டனர். உருகிய காரீயக் கலவையை அச்சில் ஊற்றினால், அச்சின் சுவரைத் தொடும் பகுதி முதலில் குளிர்ந்து உறையும். நடுப்பகுதி இன்னும் திரவமாகவே இருக்கும். அந்த நேரத்தில் அச்சைக் கவிழ்த்தால் நடுவிலுள்ள உலோகம் வெளியே வந்துவிடும்; உள்ளீடற்ற வீரன் எஞ்சுவான். உலோகம் மிச்சம், விலையும் குறைவு. ஆனால் வண்ணப் பூச்சு மட்டும் மாறவில்லை. எண்ணிக்கைக் கூலிக்குப் பெண்களே தீட்டினர். எச். ஜி. வெல்ஸ் 1913இல் இத்தகைய பொம்மைகளைக் கொண்டு ஆடும் போர் விளையாட்டுக்கு விதிகள் வகுத்து நூலாகவே வெளியிட்டார். சிறுவர் பொம்மை பெரியவர்களின் கைக்கும் வந்தது.

போர் விளையாட்டுக்கு நூற்றுக்கணக்கில் வீரர்கள் தேவை. வண்ணம் தீட்டும் கூலியையும் சேர்த்தால் விலை கட்டுபடியாகாது. இதற்கு ரப்பர் வழிகாட்டியது. வட்ட வடிவ ரப்பர் அச்சைச் சுழலவிட்டு நடுவில் உலோகத்தை ஊற்றினால், அது மையத்திலிருந்து வெளிநோக்கிச் சென்று விரல் நுனி, வாள் முனை வரை புகுந்து நிரப்பும். சிறு பட்டறைக்காரரும் இதைச் செய்யலாம். அவர்கள் உருவங்களை வண்ணமின்றியே விற்றனர். வாங்குபவரே தூரிகையை எடுத்தார். கூலி வேலை பொழுதுபோக்காக மாறிய இடம் இதுதான்.

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் ஆகியோர் ‘டஞ்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்னும் மாயக்கதை விளையாட்டை வெளியிட்டனர். தொடக்கத்தில் விற்பனையில் இருந்தவை பெரும்பாலும் வரலாற்றுப் போர்வீரர்களே. கைகாக்ஸ் மலிவுக் கடையில் வாங்கிய ஹாங்காங் பிளாஸ்டிக் விலங்கு பொம்மைகளையே பூதங்களாக வைத்து ஆடினார். விரைவில் உலோகப் பூதங்களும் சந்தைக்கு வந்தன. 1983இல் இங்கிலாந்தில் ‘வார்ஹாமர்’ விளையாட்டு பிறந்தது. 1987இல் அங்கே வண்ணம் தீட்டுவதற்கென்றே போட்டியும் தொடங்கியது.

சட்டைக்கு ஒரு நிறம், முகத்துக்கு ஒரு நிறம் பூசிவிட்டால் போதாதா? போதாது. காரணம் ஒளியியலில் இருக்கிறது. 28 மி.மீ. வீரன் உண்மை மனிதனில் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு. அவனை 60 செ.மீ. தொலைவில் வைத்துப் பார்ப்பது, உண்மை மனிதனை 36 மீட்டர் தொலைவில் பார்ப்பதற்குச் சமம். நம் கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குக்கும் குறைந்த கோணத்தைப் பிரித்தறிவது அரிது. 36 மீட்டரில் இது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். அதனினும் சிறிய சட்டை மடிப்பும் அதன் நிழலும் ஒன்றாகக் கலந்துவிடும். விளையாட்டுத் திடலின் மறுகோடியில் ஒரு நண்பரை நிறுத்தி மாணவர்கள் இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

ஆகவே, இயற்கை காட்டாத நிழலைத் தூரிகை காட்ட வேண்டியிருக்கிறது. நீர்த்த கருவண்ணத்தைப் பூசினால் அது தானாகவே பள்ளங்களில் ஓடித் தேங்கும். நீரின் பரப்பு இழுவிசை செய்யும் உதவி இது. அடுத்து, வெளிர் வண்ணத்தில் தோய்த்துப் பெரும்பாலும் துடைத்துவிட்ட தூரிகையால் மேலாக வருடினால் மேடுகள் மட்டும் ஒளிரும். பள்ளம் இருளும், மேடு ஒளியும் பெற்றதும் வீரனுக்கு உயிர் வந்துவிடும்.

இனி மறைந்திருக்கும் ஆபத்தைக் காண்போம். காரீயம் நஞ்சு, சிறுவர்களின் மூளையைப் பாதிப்பது. 1993இல் நியூயார்க் மாநிலத்தின் பொதுச் சுகாதாரச் சட்டம் காரீய உருவங்களையும் தடுக்கும் நிலை ஏற்பட்டது. தயாரிப்பாளரும் ஆர்வலரும் எதிர்க்கவே, ஆளுநர் மரியோ குவோமோ விலக்கு அளித்தார். எனினும் அமெரிக்கத் தயாரிப்பாளர்களில் பெரும்பாலோர் காரீயமற்ற கலவைக்கே மாறிவிட்டனர். ஆனால் பழைய உருவங்கள் இன்றும் கைமாறுகின்றன. அவற்றை அராவும்போது எழும் தூசியை உள்ளிழுக்கலாகாது. வேலை முடிந்ததும் கைகழுவ வேண்டும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. தூரிகையின் முனையைக் கூராக்க அதை உதட்டில் வைத்து இழுப்பது. இயற்பியல் படித்தவர் எவருக்கும் இதைக் கண்டால் 1920களின் நினைவு வரும். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், இருளில் ஒளிரும் கடிகார முகப்புகளுக்கு ரேடியம் வண்ணம் தீட்டிய இளம் பெண்களுக்கு, உதட்டால் தூரிகையைக் கூராக்கவே கற்பித்தார்கள். ரேடியம் அவர்களின் எலும்புகளில் படிந்தது. தாடை எலும்பு அழுகிப் பலர் மாண்டனர். 1928இல்தான், வழக்குத் தொடுத்த ஐவருக்கு இழப்பீடு கிடைத்தது.

அந்தப் பெண்கள் கூலிக்காகத் தீட்டினார்கள். மறுக்க அவர்களால் இயலவில்லை. இன்று தன் மேசையில் அமர்ந்து தீட்டுபவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தூரிகையை நீரில் தோய்த்து, ஈரத்துணியின் மீது மெல்ல உருட்டி இழுத்தால் போதும். பரப்பு இழுவிசை மயிர்களை ஒன்றுசேர்த்து முனையைக் கூராக்கிவிடும். உதடு தேவையே இல்லை.