கோல்ட் ரிவால்வர்: அசல் மெருகின் விலை

சாமுவேல் கோல்ட் 1836-ல் காப்புரிமை பெற்ற ரிவால்வரைச் சுற்றி அமெரிக்காவில் பழம்பொருள் சேகரிப்போரின் தனிச் சந்தையே உருவாகியிருக்கிறது. அங்கே வயது மட்டும் விலையைத் தீர்மானிப்பதில்லை. தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாளில் இருந்த உறுப்புகளும் உலோகத்தின் மேல்மெருகும் இன்று எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன என்பதையே சேகரிப்போர் முதலில் பார்க்கிறார்கள். ஒரே ஆண்டில் செய்யப்பட்ட, ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு ரிவால்வர்களில் ஒன்று சில ஆயிரம் டாலருக்கும் மற்றொன்று அதைப்போல் பத்து மடங்குக்கும் விலைபோவது இதனால்தான்.

கோல்ட் வகைகளில் பெரும் மதிப்புள்ளது 1847-ன் வாக்கர். கோல்ட்டின் முதல் நிறுவனம் 1842-ல் நொடித்துப்போன பிறகு, டெக்சஸ் ரேஞ்சர் படைத்தலைவர் சாமுவேல் வாக்கரின் யோசனைகளை ஏற்று இது வடிவமைக்கப்பட்டது. கோல்ட்டிடம் அப்போது சொந்தத் தொழிற்சாலை இல்லாததால், கனெக்டிகட்டில் இருந்த எலி விட்னி ஜூனியரின் ஆலையில் செய்ய வேண்டியிருந்தது. ராணுவத்துக்கு 1,000, தனியாருக்கு 100 என்று 1,100 மட்டுமே வெளிவந்தன. ஒன்றின் எடை இரண்டு கிலோவுக்கும் மேல். அதிக வெடிமருந்து தாங்காமல் பலவற்றின் உருளை வெடித்துச் சிதறியது. மீதியும் போர்க்களத்தில் அடிபட்டுத் தேய்ந்தன. நல்ல நிலையில் ஒரு வாக்கர் கிடைப்பது அரிதானதற்கு இதுவே காரணம். டென்மார்க் கப்பல் தலைவர் ஒருவர் வாங்கி, பெட்டியோடும் துணைக்கருவிகளோடும் தப்பிப் பிழைத்த ஒரு வாக்கர் 2018-ல் நடந்த ஏலத்தில் 18 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்குப் போனது. 1847-ல் ராணுவம் ஒரு வாக்கருக்குக் கொடுத்த விலை 25 டாலர்.

கோல்ட் உருளைகளில் எஃகு அச்சால் அழுத்திப் பதித்த காட்சிகள் உண்டு. பணத்தாள் செதுக்குவதில் தேர்ந்த ஆர்ம்ஸ்பி அவற்றை வரைந்தார். 1851-ன் நேவி வகையில் இருப்பது டெக்சஸ் கடற்படை 1843-ல் காம்பெச்சே அருகே மெக்சிகோவோடு நடத்திய கடற்போர். பதிவு ஆழமற்றது; தோலுறையில் உரசியே தேய்ந்துவிடும். கப்பல்களின் பாய்மரக் கயிறு தெளிவாகத் தெரிகிறதா என்று சேகரிப்போர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். இரண்டு லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட இந்த வகையில், காட்சி முழுமையாக இருப்பவை மிகக் குறைவு.

1873-ல் வந்த சிங்கிள் ஆக்ஷன் ஆர்மிக்குச் சோதனை வேறு. அதன் நடுச்சட்டத்தை எலும்புக்கரி நிரப்பிய பெட்டியில் வைத்துப் பழுக்கக் காய்ச்சி, தண்ணீரில் சட்டென்று அமிழ்த்துவார்கள். நீலமும் பழுப்பும் வைக்கோல் நிறமும் மேகம்போல் கலந்து படியும். வெளிச்சத்திலும் கைப்பழக்கத்திலும் அந்த நிறம் மங்கிவிடும். ஆகவே கைப்பிடிப் பலகையைக் கழற்றி, காற்றும் கையும் படாத இடத்தில் பழைய நிறம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம்.

புதிதுபோல் தோன்ற வேண்டும் என்று மெருகு போட்டவர்களால்தான் இந்தப் பொருள்களுக்குப் பெரிய இழப்பு. தேய்ப்புச் சக்கரம் பட்டதும் கூர்மையான விளிம்புகள் மழுங்கும்; எழுத்துகள் ஆழம் குறையும்; திருகுத் துளையின் ஓரம் குழியும். பளபளக்கும் அப்படிப்பட்ட ஒன்றைவிட, பழுப்பேறிக் கிடக்கும் தொடப்படாத துப்பாக்கியே கூடுதல் விலை பெறும். அமெரிக்கத் தேசியத் துப்பாக்கிச் சங்கம் வகுத்த தரவரிசையும் இதையே பேசுகிறது. உறுப்புகள் எல்லாம் அசலாக இருந்து, மெருகில் 80 சதவீதத்துக்கு மேல் எஞ்சியிருந்தால்தான் பழந்துப்பாக்கிக்கு 'மிகச் சிறந்தது' என்ற தரம் கிடைக்கும்.

உறுப்புகளில் பொறித்த எண்கள் ஒத்துப்போகின்றனவா என்பது அடுத்த கேள்வி. ராணுவம் 1873-ல் ஒன்று 13 டாலர் என்று 8,000 சிங்கிள் ஆக்ஷன் ஆர்மி ரிவால்வர்களை முதலில் வாங்கியது. 1890-களில் பழைய குதிரைப்படைத் துப்பாக்கிகளின் ஏழரை அங்குலக் குழலை ஐந்தரை அங்குலமாக வெட்டிப் புதுப்பித்தபோது, உறுப்புகள் ஒன்றோடொன்று கலந்துபோயின. 'ஆர்ட்டிலரி' எனப்படும் இவற்றில் எண்கள் பெரும்பாலும் பொருந்தாது. நீளக் குழலோடும் ஒரே எண்ணோடும் தப்பிய குதிரைப்படை ரிவால்வர் அவற்றைவிடப் பல மடங்கு விலைபோகிறது. ராணுவச் சோதனையாளர் ஐன்ஸ்வர்த்தின் முத்திரையும், பூர்வகுடிகளோடு ராணுவம் மோதிய லிட்டில் பிக்ஹார்ன் போருக்கு முன் அனுப்பப்பட்ட வரிசை எண்ணும் சேர்ந்திருந்தால் போட்டி கடுமையாகும். போலி முத்திரைகளும் அங்கேதான் அதிகம்.

எனவே ஆவணம் தேவைப்படுகிறது. எந்த எண் எப்போது, யாருக்கு அனுப்பப்பட்டது என்று கோல்ட் நிறுவனம் தன் பழைய பதிவேட்டைப் பார்த்துக் கடிதம் தருகிறது. 1864-ல் ஹார்ட்ஃபோர்டு தொழிற்சாலையில் தீப்பிடித்ததில் முந்தைய பதிவுகளில் பெரும்பகுதி அழிந்தது. அதற்கு முற்பட்டவற்றை உலோகத்தைப் பார்த்தே மதிப்பிட வேண்டியிருக்கிறது.

பெயர்பெற்ற ஒருவர் கையில் இருந்தது என்பதற்கு உறுதியான சான்று கிடைத்தால் மட்டும் மெருகு பின்னுக்குப் போகும். பில்லி த கிட்டை 1881-ல் சுட்டுக்கொன்ற ஷெரீஃப் பாட் காரெட்டின் கோல்ட், பயன்பட்டுத் தேய்ந்த நிலையிலேயே 2021-ல் பான்ஹாம்ஸ் ஏலத்தில் 60 லட்சம் டாலரைத் தாண்டியது.