எவரெஸ்டுக்கு எந்த வழி?

எங்கள் பாடசாலை மண்டபத்தின் சுவரிலே ஆசியாக் கண்டத்தின் பழைய தேசப்படம் ஒன்று தொங்குகின்றது. சில ஆண்டுகளுக்கு முன்னர் மாணாக்கன் ஒருவன் அதன்முன் நின்று, அடிமட்டத்தின் ஒரு முனையை டார்ஜிலிங் நகரின் மீதும் மறுமுனையை எவரெஸ்டுச் சிகரத்தின் மீதும் வைத்து அளந்துகொண்டிருந்தான். "ஐயா, நேர்கோட்டிலே நூறு மைல்தான் வருகிறது. முதன்முதலில் போனவர்கள் ஏன் முந்நூறு மைலுக்கு மேல் வடக்கே சுற்றிப் போனார்கள்?" என்று என்னைக் கேட்டான். இடையிலே மலைகள் குறுக்கிட்டிருக்கும் என்று ஏதோ ஒரு விடை சொல்லி அவனை அனுப்பிவிட்டேன். அது பிழையான விடை என்பது பின்னர் நூல்களைப் புரட்டியபோதுதான் எனக்குத் தெரிந்தது. குறுக்கே நின்றது மலையன்று, நேயர்களே; ஓர் எல்லைக்கோடு. அன்று அம்மாணாக்கனுக்குச் சொல்லத் தவறியதை இன்று உங்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

எவரெஸ்டின் வடபுறம் திபெத்து, தென்புறம் நேபாளம். அம்மலையின் உயரத்தை உலகம் அறிந்ததுகூட இவ்விரு நாடுகளுக்கும் வெளியே நின்றுதான். இந்தியச் சமவெளியிலே, நூறு மைலுக்கும் அப்பால், கருவிகளை நிறுத்தி எடுத்த கோணங்களைக் கொண்டு இராதாநாத் சிக்தார் என்னும் வங்காளக் கணித வல்லுநர் 1852ஆம் ஆண்டளவில் இதுவே உலகின் அதியுயர் சிகரம் எனக் கணித்தார். 1856இல் வெளியிடப்பட்ட உயரம் 29,002 அடி. 2020இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த உயரத்தோடு ஒப்பிட்டால் அது ஏறத்தாழ முப்பது அடியே குறைவு. அத்துணை நுட்பமாக அளந்தவர்களுக்கு மலையடியிலே கால்வைக்க வழியிருக்கவில்லை.

நேபாளம் ஏன் கதவடைத்தது? 1814 முதல் 1816 வரை கிழக்கிந்தியக் கும்பனியாரோடு போரிட்டுத் தன் நிலத்தின் பெரும் பகுதியை இழந்த நாடு அது. சுகௌலி உடன்படிக்கையின்படி காத்மாண்டுவில் பிரித்தானியப் பிரதிநிதி ஒருவர் இருக்க உடன்பட்டது. ஆனால் அவரும் அப்பள்ளத்தாக்கைக் கடந்து உள்நாட்டிலே உலவக் கூடாது என்றது. 1846இல் அதிகாரத்தைக் கைப்பற்றிய இராணா குடும்பத்தார் இந்தக் கட்டுப்பாட்டை மேலும் இறுக்கினர். இதனைக் குறுகிய மனப்பான்மை என்று எழுதிய வெள்ளையர் பலர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. நமது கண்டி இராச்சியம் வீழ்ந்தது 1815இல். அயலிலிருந்த அரசுகள் ஒவ்வொன்றாய் மறைவதைக் கண்ட ஒரு மலைநாடு, தன் வாயிலைச் சாத்திக்கொண்டதிலே வியப்பென்ன?

திபெத்தும் அவ்வாறே அந்நியரை மறுத்தது. அந்நாட்டை அளக்க விரும்பிய பிரித்தானியர், மலைவாசிகளான பண்டிதர்களைப் பயிற்றி மாறுவேடத்திலே அனுப்பினர். அவருள் தலைசிறந்தவரான நயின் சிங் 1866இன் தொடக்கத்தில் இலாசா நகரை அடைந்தார். அவர் கையிலிருந்த செபமாலையில் 108 மணிகளுக்குப் பதில் 100 மணிகளே இருந்தன. நூறு அடி நடந்ததும் ஒரு மணியைத் தள்ளுவார். பார்ப்பவருக்கு அவர் செபிப்பது போலத் தோன்றும். எழுதிய குறிப்புகள் செபச்சக்கரத்தினுள்ளே சுருண்டு கிடந்தன. வழியறியும் வேட்கை, பக்தியின் வேடத்தைப் பூண்டுகொண்டு சென்றது. பிறகு 1904இல் வேடமும் தேவைப்படவில்லை. யங்ஹஸ்பண்டு என்பாரின் தலைமையிலே படையொன்று இலாசா வரை சென்றது. வழியிலே நூற்றுக்கணக்கான திபெத்தியர் துப்பாக்கிக்கு இரையாயினர்.

இந்தத் திபெத்துத்தான் பதினாறு ஆண்டுகளின் பின் பிரித்தானிய மலையேறிகளுக்கு அனுமதி தந்தது என்பது விந்தையான செய்தி. அதன் காரணம் இதுவே. 1910இல் சீனப்படை இலாசாவினுள் நுழைந்தபோது பதின்மூன்றாம் தலாய் இலாமா இந்தியாவுக்குத் தப்பி வந்து டார்ஜிலிங்கில் தங்கினார். அங்கே சார்ல்சு பெல் என்னும் அதிகாரி அவருக்கு நண்பரானார். 1920ஆம் ஆண்டின் இறுதியில் பெல் இலாசாவிலே தங்கியிருந்தபோது அந்த நட்பின் பேரில் கேட்டார், அனுமதி கிடைத்தது. வடவழி ஏறுவதற்கு எளிதென்று எவரும் ஆராய்ந்து அதனைத் தெரிவு செய்யவில்லை. வடக்கே ஒருவர் "சரி" என்றார். தெற்கே ஒருவரும் அவ்வாறு சொல்லவில்லை.

1921 மே மாதத்திலே ஹவார்டு-பரி என்பவர் தலைமையில் முதற்குழு டார்ஜிலிங்கிலிருந்து புறப்பட்டது. சிக்கிமின் மழைக்காட்டு வழியாக நடந்து, 14,000 அடிக்கு மேலுள்ள ஜெலப் கணவாயைத் தாண்டி, சும்பிப் பள்ளத்தாக்கில் இறங்கி, பாரி என்னும் ஊரிலே திபெத்தின் மேட்டு நிலத்தை அடைந்து, அங்கிருந்து மேற்கே கம்பாசோங்கு, டிங்கிரி என்று சென்றனர். இராணுவத்தார் கொடுத்த கோவேறு கழுதைகள் சமவெளியில் கொழுத்தவை. சிக்கிமின் மழையிலும் ஏற்றத்திலும் சில நாட்களிலேயே நிலைகுலைந்தன. உள்ளூர் விலங்குகளை அமர்த்தித்தான் பயணத்தைத் தொடர முடிந்தது. குழுவில் அலெக்சாண்டர் கெல்லாசு என்னும் ஸ்கொத்துலாந்து இரசாயன விரிவுரையாளர் இருந்தார். ஐம்பது வயதைக் கடந்தவர். இமயத்தின் உயரங்களில் மனித உடல் படும் பாட்டை அவரளவு அறிந்தவர் அக்காலத்தில் அரியர். நோயுற்று, டோலியிலே தூக்கிச் செல்லப்பட்டு, ஜூன் 5ஆம் நாள் கம்பாசோங்கை அணுகும்போது உயிர் நீத்தார். அவ்வூரிலே அவரை அடக்கம் செய்தனர். மலையில் இன்னும் ஒருவரும் கால்வைக்கவில்லை. வழியே ஓர் உயிரை வாங்கிவிட்டது.

மலையை அடைந்தவர்கள் அதனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தனர். அவருள் பாடசாலை ஆசிரியராயிருந்த ஜோர்ஜ் மலரி, யூலை மாதத்தில் ஒருநாள் எல்லைத் தொடரின் ஒரு கணவாயில் ஏறி நின்று, சுவருக்கு அப்பால் எட்டிப் பார்ப்பவர் போல நேபாளப் பக்கத்தை நோக்கினார். கீழே பெரியதொரு பனிப்பள்ளத்தாக்கு. அதன் வாயிலிலே பனியாறு கட்டிகட்டியாய் உடைந்து அருவிபோல் விழுந்துகொண்டிருந்தது. அவ்வழி மிகக் கடினமானது என்று அவர் கருதினார். அன்றியும் அது நேபாளம், ஆராய்ந்து பயனில்லை. ஆகவே வடக்கிலேயே தேடி, செப்டெம்பரில் வடகணவாய் வரை ஏறி, ஒரு பாதை உண்டு என்று கண்டு திரும்பினர். எட்டிப் பார்த்துச் சொன்ன அந்தத் தீர்ப்பு முப்பது ஆண்டு நின்றது.

அதன்பின் நிகழ்ந்தவற்றை நேயர்கள் பலர் அறிவீர்கள். 1922இல் பனிச்சரிவிலே ஏழு சுமைகாரர் மாண்டனர். 1924 ஜூன் 8ஆம் நாள் மலரியும் இளைஞர் ஏர்வினும் மேகத்தினுள் மறைந்தனர். ஆயின் அந்த 1924ஆம் ஆண்டுப் பயணத்தின் விளைவாக எழுந்த மற்றொரு சிக்கலை வரலாற்று நூல்கள் சிறு எழுத்திலேயே சொல்கின்றன. பயணத்தைப் படம் பிடித்த ஜோன் நோயல், படக்காட்சிக்குக் கவர்ச்சி சேர்க்கும் பொருட்டுத் திபெத்திய பிக்குகள் சிலரை இலண்டனுக்கு வருவித்து மேடையிலே சமயக் கூத்தாடச் செய்தார். திபெத்து அரசு இதனைத் தன் சமயத்துக்கு நேர்ந்த இழிவாகக் கொண்டது. படத்திலே திபெத்தியரைக் காட்டிய விதமும் அவர்களைப் புண்படுத்தியது. ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கதவு மூடியது. 1933இல்தான் அடுத்த குழு செல்ல முடிந்தது. இந்த முறையீட்டைப் பெரிதாக்கியதில் பிரித்தானிய அதிகாரிகள் சிலருக்கும் பங்குண்டு என்று பின்வந்த ஆய்வாளர் எழுதுவர். அஃது எவ்வாறாயினும், விருந்தினராய்ச் சென்றவர் வீட்டாரின் வழிபாட்டை நுழைவுச்சீட்டு விற்றுக் காட்டினால் வீட்டார் கதவடைப்பதைக் குறைகூற நான் துணியேன்.

அனுமதி கேட்காமற் சென்றவர்களும் உண்டு. மொறிசு வில்சன் என்னும் ஆங்கிலேயர் 1934இல் பிக்குவின் உடையணிந்து டார்ஜிலிங்கிலிருந்து இரவிலே நடந்து, மலையடியை அடைந்து, வடகணவாய்க்குக் கீழே தனித்து மாண்டார். மறு ஆண்டு சென்ற குழுவினர் அவருடலைக் கண்டெடுத்தனர்.

இங்கே நான் சற்று நின்று, சுமை சுமந்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஷெர்ப்பாக்கள் என்னும் மக்களின் தாயகம் எவரெஸ்டின் தென்னடிவாரமாகிய கும்புப் பகுதி. அங்கிருந்து பிழைப்புத் தேடி டார்ஜிலிங் சென்று, அங்கே கூலிக்கு அமர்ந்து, முந்நூறு மைல் சுற்றித் தம் ஊர்மலையின் மறுபுறத்தை அடைந்தார்கள். 1935இல் முதன்முறை சென்ற டென்சிங் அத்தகையவர். தெற்கே தாமே என்னும் ஊரில் யாக் எருதுகளை மேய்த்து வளர்ந்தவர். ஆனால் அம்மக்களுக்கே உரிய வேறொரு வழியும் இருந்தது. எவரெஸ்டுக்கு மேற்கே, 18,700 அடி உயரத்தில் நங்பா கணவாய் உள்ளது. தலைமுறை தலைமுறையாய்த் தெற்கிலிருந்து தானியமும் வடக்கிலிருந்து உப்பும் கம்பளியும் அவ்வழியே பனியைக் கடந்து போய்வந்தன. எவரும் கடவுச்சீட்டுக் கேட்கவில்லை. அரசுகளுக்கு அடைபட்டிருந்த எல்லை, உப்பு மூட்டைக்குத் திறந்திருந்தது.

இரண்டாம் உலகப் போரின் பின் யாவும் தலைகீழாயின. 1947இல் இந்தியாவை விட்டுப் பிரித்தானியர் நீங்கினர். 1949 முதல் நேபாளம் அந்நிய மலையேறிகளைச் சிறிது சிறிதாய் அனுமதித்தது. 1950 அக்டோபரில் சீனப்படை திபெத்தினுள் புகுந்தது. வடவாயில் மேலைநாட்டவருக்கு அடைபட்டது. 1951 பெப்ரவரியில் இராணாக்களின் ஆட்சி முடிந்தது. ஏறத்தாழ ஈராண்டுக் காலத்திலே வடக்கும் தெற்கும் இடம்மாறிவிட்டன. மலை இருந்தபடியே இருந்தது.

1951 செப்டெம்பர் 30ஆம் நாள், எரிக் ஷிப்டனும் நியூசிலாந்தைச் சேர்ந்த எட்மண்டு ஹிலறியும் புமோரி மலையின் தோளொன்றிலே ஏறினர். ஷிப்டன் வடவழியே நான்கு முறை சென்று நான்கு முறையும் தோற்றவர். அங்கிருந்து வடமுகத்திலே தாம் முன்னர் கூடாரமிட்ட இடங்களை ஒவ்வொன்றாய் இனங்கண்டு காட்டினார். பின்னர் வலப்புறம் திரும்பினர். மலரி எட்டிப் பார்த்து ஒதுக்கிய அதே பனிப்பள்ளத்தாக்கு அதன் தலைவரை திறந்து கிடந்தது. அங்கிருந்து தென்கணவாய்க்கு ஏறும் சரிவும் முழுமையாய்த் தெரிந்தது. ஏறக்கூடிய வழி! ஈராண்டில் அவ்வழி வென்றது. 1952 வசந்தத்தில் சுவிசு நாட்டவரான லம்பேரும் டென்சிங்கும் ஏறத்தாழ 28,200 அடி வரை சென்றனர். 1953இல் ஜோன் ஹண்டு, ஏறத்தாழ 350 சுமைகாரருடன் காத்மாண்டுவிலிருந்து குழுவை நடத்தினார். மே 29ஆம் நாள் முற்பகல் பதினொன்றரை மணிக்கு டென்சிங்கும் ஹிலறியும் உச்சியில் நின்றனர்.

அப்படியானால் வடவழி தவறானதா? அதுவும் இல்லை. 1960 மே 25ஆம் நாள் இருள் விலகுமுன் சீனக் குழுவைச் சேர்ந்த மூவர் வடவழியாலேயே உச்சியை அடைந்தனர். அவருள் கொன்போ என்பவர் திபெத்தியர். இருளிலே படமெடுக்க இயலாமையால் மேலைநாட்டார் நெடுங்காலம் ஐயுற்றனர். இன்று அவ்வெற்றி பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது. 1961 அக்டோபரில் சீனாவும் நேபாளமும் செய்த எல்லை உடன்படிக்கை, கோட்டைச் சிகரத்தின் உச்சி வழியாகவே இட்டது. இப்பொழுது மலையின் பாதி இவருக்கு, பாதி அவருக்கு.

1980 அளவில் சீனா தன் வாயிலை அந்நியருக்குத் திறந்தது. வடக்கே மோட்டார் வண்டி அடிவாரம் வரை செல்கின்றது. தெற்கே 1964இல் அமைத்த லுக்லா விமானத்தளம் நெடுநடையைச் சுருக்கிவிட்டது. நமது நாட்டவரான ஜயந்தி குரு உதும்பால 2016 மே 21ஆம் நாள் ஏறியது தென்வழியால். இலங்கையருள் முதலில் உச்சியை அடைந்தவர் அவரே. 2020இல் கொள்ளைநோய் பரவியபோது இரு வாயில்களும் ஒருங்கே அடைபட்டன; மறு ஆண்டு தெற்கு திறந்தது, வடக்கு திறக்கவில்லை. எந்த வழி என்ற கேள்விக்கு இன்றும் முதல் விடை அமைச்சு அலுவலகங்களிலிருந்தே வருகின்றது.

உப்பு மூட்டைகள் சென்ற நங்பா கணவாய் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். 1959இன் பின்னர் அங்கே காவல் வந்தது. பழைய வணிகம் தேய்ந்தது. அதன்பின் அவ்வழியே வந்தோரிற் பலர் திபெத்தை விட்டுத் தப்பிச் செல்வோர். 2006 செப்டெம்பர் 30ஆம் நாள், பனியிலே வரிசையாய் நடந்து சென்ற அத்தகைய கூட்டமொன்றின்மீது எல்லைக்காவலர் சுட்டனர். பதினேழு வயதுடைய பிக்குணி ஒருத்தி விழுந்து இறந்தாள். அயலிலுள்ள சோ ஓயு மலையில் ஏறுவதற்கு முறைப்படி அனுமதி பெற்று வந்திருந்த பிறநாட்டார், தம் கூடாரங்களிலிருந்து அதனைப் பார்த்துக்கொண்டிருந்தனர்.