குருவானவர் வராத நாட்களின் செபம்

சித்தூரிலிருந்து வேலூர் போகும் சாலையில் குடிபாலாவைத் தாண்டினால் மாநில எல்லையோடு மறைமாவட்ட எல்லையும் வந்துவிடுகிறது. இந்தப் பக்கம் 1976இல் தோன்றிய கடப்பா மறைமாவட்டம். அந்தப் பக்கம் 1952இல் தோன்றிய வேலூர் மறைமாவட்டம். சித்தூர் தனி மாவட்டமான 1911 வரை இரண்டு பக்கமும் வடஆற்காடு ஜில்லாதான். கோடுகள் இடம் மாறின; இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளர்வது மட்டும் மாறவில்லை.

கத்தோலிக்கம் இந்த வட்டாரத்துக்குப் புதிதன்று. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கர்நாடக மிஷனின் பிரெஞ்சு இயேசு சபையார் புங்கனூர்ப் பக்கம் வந்துவிட்டார்கள். அவர்களுள் ஒருவரான, தக்கோலத்தில் பணியாற்றிய பூஷே அடிகளின் கடிதங்கள் பிரான்சில் அச்சேறின. ஆனால் குருக்கள் சிலர், ஊர்களோ பல. பூசை கிடைத்த நாள் பண்டிகை. மற்ற நாட்களில் உபதேசியாரும் வீட்டுப் பெரியவர்களுமே செபத்தை நடத்தினார்கள். நம் அன்றாடச் செபம் குருவானவர் வராத நாட்களுக்காகவே உருவானது என்பது என் துணிபு.

இதற்கு முன்மாதிரி முத்துக்குளித்துறையில் உண்டு. 1542இல் அங்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழி அறிந்தவர்களைக் கொண்டு மந்திரங்களைத் தமிழாக்கி, தாமும் மனப்பாடம் செய்துகொண்டு, மணி அடித்தபடி தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். கற்ற பிள்ளைகள் வீட்டில் தாய் தகப்பனுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அதோடு நிற்கவில்லை. நோயாளிகள் அழைத்தபோது, தாம் போக முடியாத வீடுகளுக்குச் சிறுவர்களையே அனுப்பி விசுவாச மந்திரம் சொல்லச் செய்தார். 1544இல் அவர் எழுதிய கடிதம் இதைச் சொல்கிறது. பள்ளிப் பருவத்துப் பையனை நோயாளியின் பாயருகே செபிக்க அனுப்ப இன்று எந்தப் பங்கு துணியும்?

செபமாலையும் எளிய மக்களின் தேவையிலிருந்து பிறந்ததுதான். துறவிகள் 150 திருப்பாடல்களை ஓதினார்கள். எழுத்தறியாதவர்கள் அவற்றுக்கு ஈடாக 150 அருள் நிறை மந்திரம் சொன்னார்கள். 2002இல் இரண்டாம் யோவான் பவுல் ஒளியின் மறையுண்மைகளைச் சேர்த்ததும் கணக்கு 200 ஆயிற்று. மணிமாலை கையில் இல்லாவிட்டாலும் குறையில்லை. நாற்று நடுகிறவளுக்கு வரப்பில் நடக்கும்போது பத்து விரல் போதும். விரல் ஒவ்வொன்றாய் மடங்கினால் ஒரு பத்து முடிந்தது. 

குருவானவர் இல்லாமலே செய்யும் இன்னொரு செபம், இரவில் படுக்குமுன் அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கும் ஆன்ம சோதனை. இஞ்ஞாசியார் சொன்ன முறையில் நன்றிதான் முதலில் வரும், குற்றப் பட்டியல் அதற்குப் பின்னால்தான். நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். அதனால்தான் பலருக்கு அது பாவசங்கீர்த்தனத்துக்கு முந்தைய கவலையாகவே நின்றுவிடுகிறது.

இப்போது செபமாலை மாதமான அக்டோபர் வந்தால் ஒலிபெருக்கியும் அலைபேசியும் செபமாலை சொல்கின்றன, வீட்டார் கேட்கிறார்கள். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் கேட்பவன் சொல்பவன் ஆவதில்லை. குடும்ப செபத்தில் ஒரு பத்தைப் பாட்டி தமிழிலும் அடுத்த பத்தைப் பேரன் தெலுங்கிலும் தொடங்கட்டும். பாட்டிக்குத் தெலுங்கு புரியும், பேரனுக்குத் தமிழ் தெரியும். இரண்டையும் தடுக்கும் சட்டம் திருச்சபையில் ஏதும் இல்லை.