ஒழுகிய கூரைகள்

1886-இல் கார்ல் பென்ஸ் தம் யந்திர வண்டிக்குக் காப்புரிமை கோரியபோது அதற்குக் கூரையே கிடையாது. ஆகவே ஒழுகல் என்ற வியாதியும் கிடையாது.

மூடிய வண்டிகள் அமெரிக்காவில் பெருகிய 1920-களிலோ, கூரை முழுவதையும் மூடத்தக்க அகலத்தில் எஃகுத் தகடு கிடைப்பது அரிதாயிருந்தமையால், நடுவே மரச்சட்டங்களைப் பரப்பி, அவற்றின்மேல் கோழிக்கூண்டுக்கு அடிப்பது போன்ற கம்பிவலையும் பஞ்சும் வைத்து, நீர் புகாத பூச்சிட்ட துணியை இழுத்து ஆணியடித்து முடிப்பதே தொழிலாளரின் வழக்கம். வெயிலில் அத்துணி வெடிக்கும். வெடிப்பில் இறங்கிய நீர் நேரே விழாமல், சட்டத்தின் வழியே சாவதானமாகப் பிரயாணம் செய்து, சம்பந்தமேயில்லாத ஒரு மூலையில் சொட்டும். சொட்டும் இடத்தை அடைத்தவன் ஏமாந்தான். உள்ளே மரம் உளுத்தது.

ஜெனரல் மோட்டார்ஸ் தன் 1935-ஆம் வருஷத்து வண்டிகளுக்கு ஒரே தகட்டாலான எஃகுக் கூரையை அமைத்த பின், துணி மெல்ல விடைபெற்றது. ஒழுகல் விடைபெறவில்லை, கண்ணாடியைப் பற்றிய ரப்பர் பட்டைக்கும், கதவோரத்துக்கும், தகடுகளின் பொருத்துக்கும் குடிபெயர்ந்தது.

அதைப் பிடிக்கப் பட்டறைகள் பழகிய உபாயம் பொறுமைசாலிகளுக்கே உரியது. தரைவிரிப்பைக் கழற்றிவிட்டு ஒருவன் டார்ச் விளக்குடன் உள்ளே குனிந்திருக்க, மற்றவன் குழாய்நீரைக் கீழிருந்து மேலாகச் சிறுகச் சிறுகப் பாய்ச்சுவான். எடுத்த எடுப்பில் கூரையில் ஊற்றினால், வழியும் ஜலம் எல்லா இடுக்கையும் நனைத்துத் தடயத்தை அழித்துவிடும். கதவு ரப்பரில் சாக்குத்தூளைத் தடவி ஒருமுறை சாத்தித் திறந்தால், சட்டத்தில் தூள் படியாத இடமே நீர் புகும் வாசல். சிற்சில வேளைகளில், இத்தனை பரிசோதனைக்கும் பிறகு, வடிகால் துளையை அடைத்திருந்த ஒரு சருகுதான் அகப்படும்.