எல் டோரிட்டோ: குறுந்தகட்டில் இருந்து கணினி எழுந்த கதை

ஒரு இயங்குதளத்தை நிறுவ வேண்டும் என்றால் ஐ.எஸ்.ஓ கோப்பைத் தரவிறக்குகிறோம், குறுந்தகட்டிலோ பென்டிரைவிலோ எழுதுகிறோம், கணினியை அதிலிருந்து பூட் செய்கிறோம். சின்ன வேலைதான். ஆனால் அந்தத் தகடு ஓடத் தொடங்கும் நேரத்தை யோசித்துப் பாருங்கள். அப்போது உங்கள் கடவுச்சொல் விழித்திருக்காது, ஆன்ட்டி வைரஸ் விழித்திருக்காது. முழுக் கணினியும் அந்தத் தகட்டின் கையில்!

அதனால் தகட்டிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். இது பூட் ஆகுமா? இதில் எழுதியது பிழையில்லாமல் இருக்கிறதா? இது உண்மையிலேயே அவர்கள் வெளியிட்டதுதானா? இந்த மூன்று கேள்விகளும் ஒரே நாளில் பிறக்கவில்லை. ஒவ்வொன்றும் ஏதோ ஒன்று சொதப்பிய பிறகுதான் வந்தது. அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஃபிளாப்பி காலம்

1981-ல் வந்த ஐ.பி.எம் பி.சி.யில் பூட் ஆகும் முறை மிக எளிமையானது. பயாஸ், ஃபிளாப்பியின் முதல் 512 பைட்டை நினைவகத்தில் ஏற்றும். பிறகு "இனி நீ பார்த்துக்கொள்" என்று கட்டுப்பாட்டை அதனிடம் கொடுத்துவிடும். அந்த 512 பைட்டில் இருப்பது யார் எழுதிய நிரல் என்று கேட்காது. 1986-ல் பாகிஸ்தானின் லாகூரில் எழுதப்பட்ட பிரெய்ன் வைரஸ் குடியேறியது சரியாக அந்த இடத்தில்தான்.

இயங்குதளங்கள் பெரிதாகப் பெரிதாக ஃபிளாப்பிகளின் எண்ணிக்கையும் கூடியது. 1993 ஜூலையில் பேட்ரிக் வோல்கெர்டிங் வெளியிட்ட ஸ்லாக்வேர் 1.0 லினக்ஸ், 24 ஃபிளாப்பிகளாக வந்தது. அதில் ஒன்று கெட்டுப்போனாலும் நிறுவல் பாதியில் நிற்கும்.

தகடு இருந்தும் பயனில்லை

குறுந்தகட்டில் சுமார் 650 எம்.பி. இடம் இருந்தது. கிட்டத்தட்ட 450 ஃபிளாப்பிகளுக்குச் சமம். தகட்டில் கோப்புகளை எப்படி அடுக்குவது என்று பேச 1985-ல் பல நிறுவனங்களின் ஆட்கள் அமெரிக்காவில் லேக் டாஹோ அருகே ஹை சியரா என்ற ஹோட்டலில் கூடினார்கள். அவர்கள் உருவாக்கிய ஹை சியரா வடிவமே சில மாற்றங்களோடு 1988-ல் ஐ.எஸ்.ஓ 9660 என்ற தரமானது. நாம் இன்றும் ".ஐ.எஸ்.ஓ" என்று சொல்வது இந்தப் பெயரில் இருந்து வந்ததுதான்.

அந்தத் தரத்தில் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார்கள். தகட்டின் முதல் 16 செக்டர்களை, அதாவது 32 கே.பி. இடத்தை, எதற்கும் பயன்படுத்தாமல் காலியாக விட்டார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

ஆனால் பயாஸுக்குக் குறுந்தகடு என்றால் என்னவென்றே தெரியாது. தகட்டைப் படிக்க டிரைவர் மென்பொருள் வேண்டும். அந்த டிரைவர் இருப்பதோ ஃபிளாப்பியில்! 1992 டிசம்பரில் முன்னோட்டமாக வெளிவந்த இக்டிராசில் லினக்ஸ், தகட்டில் இருந்தே ஓடக்கூடியது. ஆனாலும் அதைத் தொடங்க ஒரு ஃபிளாப்பி தேவைப்பட்டது. 1995-ல் கடைகளில் விற்ற விண்டோஸ் 95 தகட்டுக்கும் இதே நிலைதான்.

உணவகத்தின் பெயரில் ஒரு தரம்

1995 ஜனவரியில் ஃபீனிக்ஸ் டெக்னாலஜீஸின் கர்டிஸ் ஸ்டீவன்ஸும் ஐ.பி.எம்.மின் ஸ்டான் மெர்கினும் எழுதிய ஒரு சிறிய ஆவணம் வெளியானது. அதன் பெயர் "எல் டோரிட்டோ". அது கலிபோர்னியாவில் கிளைகள் கொண்ட ஒரு மெக்சிகன் உணவகத்தின் பெயர். அங்கே சாப்பிட்டுக்கொண்டே பேசி முடித்ததால் இந்தப் பெயர் என்பார்கள்.

அவர்கள் செய்த தந்திரம் இதுதான். தகட்டின் 17-வது எண் செக்டரில் ஒரு குறிப்பு. அந்தக் குறிப்பு ஒரு சிறு அட்டவணையைக் காட்டும். அந்த அட்டவணை, பூட் செய்ய வேண்டிய நிரல் தகட்டில் எங்கே இருக்கிறது என்று சொல்லும். பயாஸ் அதைப் படித்து, தகட்டுக்குள் இருக்கும் 1.44 எம்.பி. ஃபிளாப்பி பிம்பத்தை நிஜ ஃபிளாப்பி போலவே காட்டும். பழைய மென்பொருள்கள் இது A: டிரைவ்தான் என்று நம்பி ஓடும். அதாவது, தகடு ஃபிளாப்பி வேஷம் போட்டது!

லினக்ஸ் கெர்னல் வளர்ந்தபோது அந்த 1.44 எம்.பி. வேஷம் போதவில்லை. ஆவணத்தில் வேஷம் போடாமலே ஏற்றும் வழியும் இருந்தது. எச். பீட்டர் ஆன்வின் எழுதிய ஐசோலினக்ஸ் அந்த வழியைப் பயன்படுத்தியது. ஆனால் பல பயாஸ்கள் அதை ஒழுங்காகச் செய்யவில்லை. ஒரு கணினியில் பூட் ஆன தகடு பக்கத்துக் கணினியில் அசையாமல் நிற்கும். எனவே "பூட் ஆகுமா?" என்ற கேள்விக்கு ஒரே ஒரு கணினியில் போட்டுப் பார்த்து விடை சொல்ல முடியாது.

இந்த 17-வது செக்டர் இன்னொரு விஷயத்தையும் விளக்குகிறது. ஐ.எஸ்.ஓ கோப்பைச் சாதாரணக் கோப்பு போலத் தகட்டில் எழுதினால் ஏன் பூட் ஆவதில்லை? அப்படிச் செய்தால் தகட்டுக்குள் ஒரு கோப்பு இருக்கும், அந்தக் கோப்புக்குள்தான் பூட் குறிப்பு இருக்கும். பயாஸ் தேடும் இடத்தில் அது இருக்காது. அதனால்தான் "இமேஜாக எழுது" என்ற தெரிவு தனியாக இருக்கிறது.

எழுதியது சரியா?

2000-ல் ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர் உருவாக்கிய நாப்பிக்ஸ், வன்தட்டைத் தொடாமல் தகட்டில் இருந்தே முழு லினக்ஸையும் ஓட்டியது. 2004-ல் வந்த உபுண்டு, கேட்டவர்களுக்கு இலவசமாகத் தகடுகளை உலகமெங்கும் தபாலில் அனுப்பியது. அந்தத் திட்டம் 2011-ல் நிறுத்தப்பட்டது. தகடுகள் கைமாறிக்கொண்டே இருந்தன. தரவிறக்கம் பாதியில் அறுவது, மட்டமான தகடு, அதிவேகத்தில் எழுதியது, கீறல்... பாதி நிறுவலில் பிழை வந்தால் பழைய இயங்குதளமும் போய், புதியதும் வராமல் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்.

இதற்கு மருந்துதான் செக்சம். ரொனால்ட் ரிவெஸ்ட் வடிவமைத்து 1992-ல் வெளியான எம்.டி.5, எவ்வளவு பெரிய கோப்பாக இருந்தாலும் 32 எழுத்து கொண்ட ஒரு கைரேகையைத் தரும். ஒரு பிட் மாறினாலும் கைரேகை வேறு. நாப்பிக்ஸில் "டெஸ்ட்சிடி", ஃபெடோராவில் "மீடியாசெக்" என்று தகடே தன்னைச் சோதித்துக்கொள்ளும் வசதியும் வந்தது.

வேடிக்கை என்னவென்றால், சோதனையும் தவறலாம். ஒருவகையில் எழுதப்பட்ட தகடுகளின் கடைசிப் பகுதியைத் தாண்டி லினக்ஸ் கெர்னல் முன்கூட்டியே படிக்கப் பார்க்கும். அங்கே ஒன்றும் இல்லாததால் பிழை என்று சொல்லும். நல்ல தகடும் ஃபெயில்! அதனால் எழுதும்போது கடைசியில் கொஞ்சம் வெற்றிடம் சேர்த்தார்கள். இப்போது இன்னொரு சிக்கல். முழுத் தகட்டையும் படித்து எம்.டி.5 கணக்கிட்டால் வெற்றிடமும் சேர்ந்து வேறு விடை வரும். ஐ.எஸ்.ஓ கோப்பு எத்தனை பைட்டோ அத்தனை மட்டும் படித்தால்தான் சரியான விடை.

2003-ல் ஃபாப்ரிஸ் பெல்லார்ட் வெளியிட்ட கியூஎமு போன்ற மென்பொருள்கள் வந்ததும், எழுதும் முன்பே ஐ.எஸ்.ஓ.வைக் கணினிக்குள் ஒரு போலிக் கணினியில் பூட் செய்து பார்க்க முடிந்தது. ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு தகட்டைப் பலி கொடுக்கத் தேவையில்லை.

யார் செய்தது?

2016 பிப்ரவரி 20. லினக்ஸ் மின்ட் இணையதளத்துக்குள் புகுந்தவர்கள், 17.3 சின்னமன் பதிப்பின் தரவிறக்கச் சுட்டியை மாற்றினார்கள். அன்று அந்தச் சுட்டி வழியாகத் தரவிறக்கியவர்களுக்குக் கிடைத்தது பின்கதவு வைத்த ஐ.எஸ்.ஓ. அது அழகாகப் பூட் ஆகும். எழுதியதிலும் பிழை இருக்காது. முதல் இரண்டு சோதனைகளிலும் பாஸ்!

செக்சம் காப்பாற்றாதா? கோப்பை மாற்ற முடிந்தவருக்கு அதே தளத்தில் இருக்கும் செக்சத்தை மாற்றுவது பெரிய காரியமா என்ன? போதாததற்கு, 2004-லேயே சீனக் கணிதவியலாளர் வாங் ஷியாவ்யுன் குழுவினர், ஒரே எம்.டி.5 தரும் இரண்டு வெவ்வேறு தரவுகளை உருவாக்கிக் காட்டிவிட்டார்கள். அதனால் இப்போது எஸ்.எச்.ஏ-256 பயன்படுகிறது. அதைவிட முக்கியம், அந்தச் செக்சம் பட்டியலின் மேல் வெளியிட்டவர் இடும் ஜி.பி.ஜி. டிஜிட்டல் கையெழுத்து. தளத்தைப் பிடித்தவர் கையிலும் அந்தக் கையெழுத்தின் ரகசியச் சாவி இருக்காது.

பயாஸின் இடத்துக்கு வந்த யூ.இ.எஃப்.ஐ.யும் இதைக் கற்றுக்கொண்டது. 2012-ல் விண்டோஸ் 8-உடன் பரவிய செக்யூர் பூட், கையெழுத்து இல்லாத பூட் நிரலை ஓட விடாது. "யார் நீ?" என்று கணினி கேட்பதற்கு 1981-ல் இருந்து 31 வருடம் ஆகியிருக்கிறது!

தகடு போனது, பெயர் போகவில்லை

காலியாக விட்ட அந்த 32 கே.பி. ஞாபகம் இருக்கிறதா? 2008-ல் சிஸ்லினக்ஸ் திட்டத்தில் வந்த ஐசோஹைப்ரிட் என்ற கருவி, அந்த இடத்தில் வன்தட்டுக்கான பூட் நிரலை வைத்தது. அதனால் ஒரே ஐ.எஸ்.ஓ.வைத் தகட்டிலும் எழுதலாம், பென்டிரைவிலும் அப்படியே எழுதலாம். விண்டோஸ் ஐ.எஸ்.ஓ.வில் இந்த ஏற்பாடு இல்லை, அதற்குத்தான் ரூஃபஸ் போன்ற கருவிகள் தேவைப்படுகின்றன.

உங்களிடம் பூட் ஆகும் ஐ.எஸ்.ஓ ஏதாவது இருந்தால் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து 34,816-வது பைட்டுக்குப் போங்கள். அது 17-வது செக்டரின் தொடக்கம். அங்கே அந்த உணவகத்தின் பெயர் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும்.

நண்பருக்கு ஒரு லினக்ஸ் தகடோ பென்டிரைவோ கொடுக்கப் போகிறீர்களா? முதலில் கையெழுத்தைச் சரிபாருங்கள். பிறகு செக்சம். பிறகு போலிக் கணினியில் ஒரு முறை பூட். எழுதிய பின் மீண்டும் படித்து ஒப்பிடுங்கள். எல்லாம் சேர்த்து அரைமணி நேரம் ஆகலாம். அவர் தன் புகைப்படங்கள், பாடக்குறிப்புகள் எல்லாம் இருக்கும் கணினியை நீங்கள் கொடுத்ததை நம்பித்தான் அணைத்து, மீண்டும் பூட் செய்யப் போகிறார். அதற்காக அரைமணி நேரம் செலவு செய்யலாம்.